போனஸ் வேண்டாத வார்த்தை

படூர்,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரதீபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையில் நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, மதியம் தூங்கி, சாயங்காலம் சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் அம்மாவுக்கு என்ன கடிதம் வேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். நம் மாடியில் இருக்கிற ஹரிப்ரியாவோடு ஆபீஸில் வேலை பார்க்கிற விஷால் என்று ஒரு பையன் இந்த வாரம் உன் ஊருக்கே வேலைக்கு வருகிறான். பருப்புப் பொடி, எள்ளுருண்டை, அப்பா அச்சரப்பாக்கம் போய் வாங்கி வந்த வேர்க்கடலை எல்லாம் அவன் பையில் ஏற்றியாயிற்று. கருவாட்டுக்கு மட்டும் ஆன்ட்டி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். பையோடு ஒரு கடிதமும் போகட்டும் என்று உட்கார்ந்தேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று நடுவில் புகுந்துவிடுகிறாய், பின்னால் நின்று உன் அப்பா வேறு எடுத்துக் கொடுக்கிறார். பேப்பரில் என்றால் நான் முடிக்கிறவரை யாரும் குறுக்கே வர முடியாது பார்.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டி வலிதான் விட்டு விட்டு வருகிறது. எனக்கு ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது, இந்தக் கடிதம்கூட கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன். பனி குறைந்துவிட்டது, சாயங்காலமானால் கோவளம் பக்கத்திலிருந்து காற்று வந்து கொடியில் போட்ட துணியெல்லாம் எதிர்வீட்டுக்குப் போகிறது. சர்ச்சில் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். பாவம் நம் ஆயர் ஜெபகுமார், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்காக ஜெபம் பண்ணும்போது உன் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததை அப்படியே எழுத்துக் கூட்டி வாசித்தார், "ரேக்ளா பட்டணத்திலே வேலை செய்கிற எங்கள் சகோதரி பிரதீபாவை ஆசீர்வதியும்" என்று. கண்ணை மூடிக்கொண்டிருந்த சபை முழுக்கக் குலுங்கியது. உன் அப்பா ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்து நிறுத்தி, வ்ரோட்ஸ்வாஃப், வ்ரோட்ஸ்வாஃப் என்று கண்டக்டர் வேலை பார்த்தபோது ஸ்டாப்பிங் கூவுகிற அதே குரலில் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆயர், தூர தேசத்தில் இருக்கிற சகோதரி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அப்பா சொல்கிறார், "வெள்ளக்காரன் செங்கல்பட்ட சிங்கிள்புட்டுன்னு எழுதிவெச்சிட்டுப் போனான், சதுரங்கப்பட்டினத்த சட்ராசுன்னான், கோவளத்த கோவ்லாங்னான். நாம மட்டும் அவன் ஊர ஒயுங்கா சொல்லணுமா?" அப்படிச் சொன்னவன் வேறு நாட்டுக்காரன், போலந்துக்காரன் உனக்கு என்ன செய்தான் என்றேன். "எல்லாம் ஒண்ணுதாம்மே" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நீ போன தடவை வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன ஸ்க்ராபிள் பலகையால் எனக்கு இந்த ஒரு வருஷம் எவ்வளவு நல்லபடியாகப் போயிற்று என்று உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. ஞாயிறு சாயங்காலம் கீழே கிளப் ஹவுஸில் நாங்கள் நாலு பேர் கூடுகிறோம். பி பிளாக் ராஜம் மேடம், அவரை உனக்குத் தெரியும், கும்பகோணத்துக்காரர், பேங்க்கில் மேனேஜராக இருந்தவர், வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இருக்கிறார். என் கண் ஆபரேஷன் அன்றைக்கு உன் அப்பா பயந்து வராண்டாவில் உலாத்திக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது அவர்தான். இன்னொருவர் செல்வராஜ் சார், கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். அப்புறம் ஹரிப்ரியா. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்ததில் எனக்கு மருந்துப் பெயரும் வியாதிப் பெயரும்தான் இங்கிலீஷில் சரளமாக வரும், எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை சேர்க்கிற இந்த விளையாட்டுக்கு அது போதாது. அதில் எந்தெந்த ஊர் வார்த்தையெல்லாமோ செல்லுகிறது. ஊட் என்றால் அரபு நாட்டு வீணையாம். ஓகாபி என்றால் ஆப்பிரிக்கக் காட்டில் ஒட்டகச்சிவிங்கிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு மிருகமாம். யாரும் பார்த்ததில்லை, ஆனால் எழுத்து சேர்ந்தால் பாயிண்ட் உண்டு. ஒரு நாள் என் கையில் இசட் மாட்டிக்கொண்டது, என்ன செய்வது என்று தெரியாமல் உன்னை நினைத்தேன், உன் ஊர்க் காசு ஸ்வோத்தி நினைவுக்கு வந்தது, வைத்தேன். ராஜம் மேடம் நம்பாமல் அந்தத் தலையணை டிக்‌ஷனரியைப் புரட்டினார், இருந்தது. அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன். நீ சாப்பிடுகிற அந்தக் கொழுக்கட்டை மாதிரிப் பிரோகியையும் இன்னொரு நாள் வைத்துவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஹரிப்ரியா ஒரு சட்டம் போட்டாள். தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தையை யார் வைத்தாலும் பத்து பாயிண்ட் போனஸ், மற்ற மூன்று பேரும் கை தட்ட வேண்டும். அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. கயிறுதான் காயர், சுருட்டுதான் ஷெரூட், பந்தல் அப்படியே பந்தல், அணைக்கட்டு ஆனிகட், மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி. செல்வராஜ் சார் கட்டமரான் வைத்த அன்றைக்குக் கிளப் ஹவுஸே அதிர்ந்தது. உன் அப்பாவுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. முட்டுக்காட்டில் படகில் போகலாம் என்று போனோம், அங்கே மோட்டார் வைத்த ஃபைபர் படகு ஒன்றின் பக்கவாட்டில் கட்டமரான் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. இவர் டிக்கெட் கொடுக்கிற பையனிடம், "இன்னா நைனா, இதுல மரமும் இல்ல, கட்டவும் இல்ல, இன்னாத்துக்குக் கட்டுமரம்னு போட்டுகினு கீறீங்க?" என்று கேட்டு, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஏதோ நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்ப் பெயர் மாறி உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சந்தோஷம் எங்களுக்கு.

இனி சொல்லப் போவதுதான் விஷயம். பொங்கல் முடிந்த ஞாயிறு. ஆட்டம் பாதி ஆகியிருந்தது, நான் கொஞ்சம் முன்னால் இருந்தேன். ராஜம் மேடம் ரொம்ப நேரம் யோசித்தார், முகம் சட்டென்று மலர்ந்தது, பலகையில் கிடந்த ஒரு ஏ-யைப் பிடித்துக்கொண்டு பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச் என்று அடுக்கினார். பரையா. கடைசி எழுத்து சிவப்புக் கட்டத்தில் விழுந்தது, மூன்று மடங்கு. "தமிழ் போனஸ்! இதுவும் நம்மூர் வார்த்தைதான், தெரியுமோ? யாரும் சேத்துக்காம ஒதுக்கி வெச்சவாளுக்கு இங்கிலீஷ்ல இதான் பேர்" என்றார். ஹரிப்ரியா, "எங்க கிளையண்ட்டே இத அடிக்கடி சொல்லுவார், தமிழ்னு தெரியவே தெரியாது மேடம்" என்று கை தட்டினாள். செல்வராஜ் சார் தட்டினார். பிரதீபா, என் கையும் தட்டப் போயிற்று. பழக்கம். இரண்டு உள்ளங்கையும் சேர்ந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. கை அப்படியே மடியில் இறங்கிவிட்டது. நீ இந்த ஃபிளாட் வாங்கிக் கொடுத்தபோது என்னிடம் சொன்னாய், அங்கே யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாம்மா, கேட்டால் கிறிஸ்டியன்ஸ் என்று மட்டும் சொல்லு, அது போதும் என்று. இத்தனை நாள் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு முடியவில்லை. பெரிதாகக் கோபம் எல்லாம் வரவில்லை, குரல்கூட உயரவில்லை. "அது எங்க சாதிப் பேரு மேடம்" என்றேன்.

ஹரிப்ரியா போனை எடுத்து, திரும்ப வைத்தாள். செல்வராஜ் சார்தான் முதலில் பேசினார், நல்ல மனுஷர், சமாதானமாகப் போகட்டும் என்றுதான் சொன்னார், "இப்பல்லாம் யாரு மேடம் அதெல்லாம் பாக்காங்க, விடுங்க." எனக்கு அதுதான் உறைத்தது. "பாக்கலன்னா, இங்க வர்றதுக்கு முன்னாடி கேளம்பாக்கத்துல வாடகைக்கு வூடு கேட்டப்ப, நீங்க இன்னா ஆளுங்கன்னு ஏன் சார் கேட்டாங்க? சொன்னதும் வீட்டுக்காரர் ஊர்ல இல்லன்னு ஏன் சொன்னாங்க?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜம் மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "நான் வார்த்தையைத்தானே வெச்சேன் தனகோடி, மனசுல ஒண்ணும் வெச்சுண்டு வெக்கலை" என்றார். தெரியும் மேடம், தெரிந்ததால்தான் உங்களிடம் சொல்கிறேன் என்றேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பறையர் என்கிற பெயர்தான் கப்பலேறிப் போய் இப்படி ஆகியிருக்கிறது. பறை அடிக்கிறவர்கள் என்று பெயர், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பறை அடித்ததாக எனக்குத் தெரியாது, என் அப்பா அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார், அம்மா நடவு நட்டாள். ஊர் சாப்பிட்ட அரிசியெல்லாம் அவர்கள் கை பட்டதுதான். வந்த வெள்ளைக்காரன் இவர்கள் யார் என்று கேட்டிருப்பான், யாரைக் கேட்டானோ அவர்கள் சொன்ன அர்த்தத்தை எழுதிக்கொண்டு போய்விட்டான். எங்களைக் கேட்டிருந்தால் வேறு அர்த்தம் சொல்லியிருப்போம். இவ்வளவுதான் சொன்னேன். ராஜம் மேடம் ஒவ்வொரு எழுத்தாகப் பலகையிலிருந்து எடுக்க ஆரம்பித்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, "எடுக்காதீங்க மேடம். வார்த்தை செல்லும், பாயிண்ட் எழுதிக்கோங்க. போனஸ் மட்டும் வாணாம்" என்றேன். ஆட்டத்தை முடித்தோம். அவர்தான் ஜெயித்தார். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் டப்பாவை மூடினோம்.

மேலே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் டி.வி.யை நிறுத்தினார். பிறகு, "எதுக்கு இப்ப தமுக்கு அடிச்சிகினு வந்த? இந்த வயசுலதான் ஒரு எடத்துல நிம்மதியா கீறோம், அதுவும் உனுக்குப் பொறுக்கலியா?" என்றார். கோபம் மாதிரி இருந்தது, கோபம் இல்லை, பயம். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் சில ஊர்களில் அவர் கையால் மீதிச் சில்லறை வாங்கத் தயங்கியவர்களைப் பார்த்தவர் அவர், உன்னிடம் இதையெல்லாம் சொன்னதே கிடையாது. மறுநாள் காலையில் பால் வாங்குகிற சாக்கில் வேண்டுமென்றே கீழே போய், எல்லா பிளாக்கையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "செக்யூரிட்டி வணக்கம் வெச்சான். சி பிளாக் டாக்டரு சுகர் எவ்ளோன்னு கேட்டாரு. எல்லாம் அப்படியேதான் கீது" என்றார். பால் பாக்கெட்டை மறந்து வாங்காமலே வந்திருந்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அப்புறம் கறுப்புக் காப்பிதான் குடித்தோம்.

ஆனால் ராஜம் மேடம் வரவில்லை. காலை நடைக்கும் வரவில்லை, அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் பலகையை விரித்து வைத்துக்கொண்டு ஒப்புக்கு ஆடினோம். ஹரிப்ரியா ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, அப்ப அந்த வார்த்தைய ஆபீஸ்ல யாராவது சொன்னா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாதும்மா என்றுதான் சொன்னேன். நிஜமாகவே தெரியவில்லை. சொன்னது சரி என்று மனதுக்குத் தெரிந்தது, ஆனால் சொல்லி ஒரு சிநேகிதத்தை இழந்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது. அவர் வீட்டு மணியை அடிக்கலாமா என்று இரண்டு தடவை லிஃப்ட் வரை போய்த் திரும்பினேன். நான் ஏன் முதலில் போக வேண்டும் என்றும் இருந்தது, போனால் என்ன என்றும் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் உன் போன் வந்தது. மீட்டிங்கில் உன் மேலதிகாரி ஏதோ பழைய சாஃப்ட்வேரைக் காட்டி, இது நம்ம கம்பெனியோட பரையா, யாரும் தொட மாட்டாங்க என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்துவிட்டாய், பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாய் என்று சொன்னாய். நான் என்னம்மா சொல்லியிருக்கணும் என்று கேட்டாய். நான் சாப்பிட்டியா என்று பேச்சை மாற்றிவிட்டேன். உனக்கு என்மேல் வருத்தம் இருந்திருக்கும். அந்தச் சமயத்தில் என் கையிலேயே பதில் இல்லை மகளே. நான் சொன்னேன், சொன்னதால் இப்படி ஆகிவிட்டது என்று உன்னிடம் சொன்னால், நீ வாயைத் திறக்கவே பயப்படுவாயோ என்று பயந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கக் கீழே இறங்கினேன். கேட்டுக்குப் பக்கத்தில் ராஜம் மேடம் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "வாங்கோ, நடக்கலாம்" என்றார். ஒரு சுற்று சுற்றினோம். இரண்டாவது சுற்றில், "எனக்குக் கோபம்தான் வந்தது தனகோடி, பொய் சொல்லப்படாது. எல்லார் முன்னாடியும் அவமானமாப் போச்சு. தனியா கூப்ட்டுச் சொல்லியிருக்கலாமேன்னு இருந்தது" என்றார். "எல்லார் முன்னாடியும்தான மேடம் கை தட்டினாங்க" என்றேன். அவர் இன்னும் கொஞ்ச தூரம் போய், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். "போன வருஷம், என் தங்கை பையன் கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லாம விட்டாளே, அன்னிக்கு இதே வழியா நடந்துண்டுதான் உங்ககிட்ட சொல்லி அழுதேன். என் குடும்பத்துலயே நான் ஒரு பரையான்னு இங்கிலீஷ்ல சொன்னேன். இந்த ரெண்டு வாரமும் அதுதான் ஞாபகம் வந்துண்டே இருந்தது. உங்ககிட்டயே போய் அதைச் சொல்லியிருக்கேன். நீங்க என் முதுகைத் தடவிக் குடுத்தேள். அன்னிக்கே ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று கேட்டார். எனக்கும் அந்த நாள் நினைவிருந்தது. "அன்னிக்கு நீங்க அழுதுகினு இருந்தீங்க மேடம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அவர் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "நான் இப்ப என்ன பண்ணணும், சொல்லுங்கோ" என்றார், பேங்க்கில் ஒரு தவறு நடந்தால் கேட்பார் இல்லையா, அந்த மாதிரி. ஒன்றும் பண்ண வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நீங்கள் இல்லாமல் ஹரிப்ரியா டிக்‌ஷனரியில் இல்லாத வார்த்தையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறாள், கேட்க ஆளில்லை என்றேன். அழுகிற முகத்தோடு சிரித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நின்று கேட்டாரே, அது போதும் எனக்கு.

இன்றைக்குச் சாயங்காலம் ஆடிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ராஜம் மேடம் உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சட்டத்தை மாற்றினார். தமிழ் வார்த்தை வைத்தால் போனஸ் உண்டு, ஆனால் அது யாருடைய வார்த்தை, அவர்கள் யார், அதை வைத்து என்ன செய்தார்கள் என்று சொன்னால்தான் உண்டு, கை தட்டலும் அப்புறம்தான் என்றார். செல்வராஜ் சார் பாவம், காயர் வைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். தேங்காய் மட்டையை எங்கே ஊற வைப்பார்கள், எத்தனை நாள், யார் அடிப்பார்கள் என்று கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. நான் சொன்னேன், என் சித்தி மட்டை அடித்திருக்கிறாள், அந்தத் தண்ணீரின் நாற்றம் அவள் கையை விட்டுப் போகவே போகாது என்று. அதனால் பாயிண்ட் அவருக்கா எனக்கா என்று ஒரு சண்டை. ஆட்டம் பாதியில் நின்றுபோய் இருட்டிவிட்டது, காப்பி ஆறிப்போயிற்று, யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாளைக்கு ஹரிப்ரியா லீவு போட்டிருக்கிறாள், எல்லாரும் மாமல்லபுரம் போகிறோம், மீன்காரர்களிடம் மரம் எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டு வர வேண்டுமாம், இல்லாவிட்டால் அடுத்த தடவை கட்டமரானுக்கும் போனஸ் கிடையாது. வண்டிக்குச் சொல்லியாயிற்று. உன் அப்பா இப்போதே தொப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார். இவர் முன்னால் நின்று ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் கூவிக்கொண்டு வரப் போகிறார், ராஜம் மேடத்துக்கு இது இன்னும் தெரியாது.

உன் பேச்சை மீறிச் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ அப்படிச் சொன்னது எங்கள் மேல் இருக்கிற அன்பினால் என்று எனக்குத் தெரியும், யாரும் எங்களை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று. இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நீ என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடித்தவர். உன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. உன் சம்பளம், உன் விசா எல்லாம் அந்த மேஜையில்தான் இருக்கிறது. அதனால் நீ பேசாமல் இருந்தாலும் அது கோழைத்தனம் ஆகாது, அப்படி ஒரு நாளும் நினைக்காதே. பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு, மெதுவாகப் பேசு, அந்த ஆளுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு பேசு. தெரியாதவர்தான் பாதிப் பேர். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்காதே. நேரம் என்னவாக இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு. நான் சாப்பிட்டியா என்று கேட்க மாட்டேன்.

ரொம்ப எழுதிவிட்டேன், கை வலிக்கிறது. எள்ளுருண்டையை ஃபிரிட்ஜில் வைக்காதே, கல்லாகிவிடும். பருப்புப் பொடியில் இந்தத் தடவை மிளகாய் குறைவு, உன் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் கொடுத்துப் பார். விஷால் சின்னப் பையன், முதல் தடவை வெளிநாடு வருகிறான், ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு. காலையில் வெளியே போகும்போது அப்பா வாங்கிக் கொடுத்த மஃப்ளரைச் சுற்றிக்கொள், நிறம் நன்றாக இல்லை என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் சுற்றிக்கொள். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. அப்பா தன் முத்தத்தையும் எழுதச் சொல்கிறார். பை கைக்கு வந்ததும் ஒரு போன் பண்ணு. கடிதத்தைப் படித்தாயா என்று நானாகக் கேட்க மாட்டேன், நீயாகச் சொல்லும்போது சொல்.

என்றும் உன் அம்மா,
தனகோடி ஞானதாஸ்